அட்டையின் பின்பக்கம்

பாம்பன்,
ஞாயிறு மதியம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

வாட்ஸப்பில் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன் என்று கோபிக்காதே. போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய்.

நேற்று ராத்திரி பேசும்போது நீர்க்கடுப்பு என்றாய். டாக்டர் சிப்ரோஃப்ளாக்சசின் 500 எழுதிக் கொடுத்ததாகவும், காலையும் ராத்திரியும் போடுவதாகவும் சொன்னாய். அதுவரை சரி. வைக்கப் போகிற நேரத்தில், "முதுகு வலிக்கு இபுபுரூஃபனும் போட்டுக்கிறேம்மா" என்று போகிறபோக்கில் ஒரு வார்த்தை விட்டாயே, அதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. அது டாக்டருக்குத் தெரியுமா என்று கேட்டதற்கு, "வலி மாத்திரையைப் போய் யாராவது சொல்லுவாங்களா" என்று சிரித்தாய்.

உன் சின்ன மாமாவும் அப்படித்தான் சொன்னான். நீ அப்போது அஞ்சாம் வகுப்பு. வல்லத்தில், அந்த நாட்டுப்படகில், வலையைப் பிரிக்கும்போது அவன் காலில் திருக்கை முள் ஏறிவிட்டது. பொறுக்கிற சூட்டில் வெந்நீரில் காலை வைத்ததில் கடுப்பு அடங்கியது. அந்த விஷம் சூட்டில் கெட்டுவிடும், நம் கரையில் எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம்தான். ஆனால் மூன்றாம் நாள் புண் சீழ் பிடித்தது. டாக்டர் இதே சிப்ரோஃப்ளாக்சசினை எழுதினார். அது போதாதென்று மாமா கடையில் வலி மாத்திரை கேட்டு வாங்கி, ஒரு நாளைக்கு மூன்று, சில நாள் நான்கு என்று விழுங்கியிருக்கிறான். கடைக்காரர் அட்டையைக் கத்தரித்து நாலு நாலாகக் கொடுத்ததில் பெயர் இருந்த பக்கம் கடையிலேயே தங்கிவிட்டது. இவனுக்கு அது "வெள்ளை மாத்திரை", அவ்வளவுதான்.

இரண்டு ராத்திரி தூக்கமில்லை, கை நடுங்குகிறது என்றான். கடலுக்குப் போகாத ஏக்கம் என்று நாங்கள் கேலி செய்தோம். மூன்றாம் நாள் விடியற்காலை வலிப்பு வந்தது.

மூளையைச் சாந்தப்படுத்த காபா என்று ஒரு ரசாயனம் உண்டு. சிப்ரோ வகை மருந்து அதன் வேலையைக் கொஞ்சம் தடுக்கும். இபுபுரூஃபன் மாதிரி வலி மாத்திரை சேர்ந்தால் அந்தத் தடை பலப்படலாம். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆகாது. ஏற்கெனவே வலிப்பு வந்தவர்களுக்குத்தான் பயம் அதிகம். மாமாவுக்குச் சின்ன வயதில் இரண்டு தடவை வந்திருக்கிறது. அவன் சொல்லவில்லை, டாக்டருக்குத் தெரிய வழியில்லை. ஆனால் எனக்குத் தெரியும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து கொடுக்கும் ஜன்னலில் உட்கார்ந்து, வருகிறவர்களிடமெல்லாம் "வேற என்ன மாத்திரை போடுறீங்க" என்று கேட்டவள் நான். வீட்டில் படுத்திருந்த தம்பியிடம் கேட்கவில்லை. அவன் பிழைத்து எழுந்து இன்று வரை கடலுக்குப் போகிறான், அது வேறு.

உனக்கு வலிப்பு வந்ததில்லை. ஆனாலும் முதுகு வலி என்றாயே, எந்த இடத்தில்? விலாவுக்குக் கீழே ஒரு பக்கமாக, குளிர் காய்ச்சலோடு வலித்தால், தொற்று சிறுநீரகம் வரை ஏறியிருக்கலாம். இபுபுரூஃபன் காய்ச்சலையும் வலியையும் அடக்கி அதைத் தெரியாமல் செய்துவிடும். தண்ணீர் குடிக்காமல் போட்டால் சிறுநீரகத்துக்கும் பாரம். அப்படி வலித்தால் இன்றைக்கே டாக்டரிடம் போ. வெறும் உடம்பு வலி என்றால் பாரசிட்டமால் போதும், சிப்ரோவோடு அதற்குச் சண்டை இல்லை. 650 மாத்திரை ஆறு போட்டாலே 3,900 மில்லிகிராம் ஆகிவிடும். ஒரு நாளைக்கு 4,000-ஐத் தாண்டக் கூடாது. சளி மாத்திரைக்குள்ளும் பாரசிட்டமால் ஒளிந்திருக்கும், அதையும் கணக்கில் சேர்.

இன்னொன்று. வலி மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கும். எரிச்சலுக்கு நீ அந்த ஆன்டாசிட் மருந்தைக் குடிப்பாய், எனக்குத் தெரியும். அதிலுள்ள அலுமினியமும் மக்னீசியமும் சிப்ரோவைப் பிடித்துக்கொள்ளும், மருந்து ரத்தத்தில் சரியாக ஏறாது. ஒன்றைத் துரத்த இன்னொன்று, அதைத் துரத்த மூன்றாவது. நீ போடும் கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளும் இப்படித்தான். சிப்ரோவை அவற்றுக்கு 2 மணி நேரம் முன்பே போடு, இல்லையென்றால் 6 மணி நேரம் கழித்துப் போடு. பாலில் விழுங்காதே, தண்ணீர்தான். காபியையும் குறை. சிப்ரோ இருக்கும்போது காபியின் வீரியம் உடம்பைவிட்டு இறங்க நேரமாகும், படபடவென்று வரும்.

குதிகாலுக்கு மேலே கயிறு மாதிரி இருக்கும் தசைநாண் வலித்தால் உடனே சொல்ல வேண்டும். இந்த மருந்தால் அது வீங்கலாம், அபூர்வமாக அறுந்தும் போகலாம். வலி மாத்திரை போட்டுக்கொண்டு அதன்மேல் நடந்து ஆபீஸ் போகிறவள் நீ. வலித்தால் நடக்காதே, அடுத்த சிப்ரோவைப் போடுவதற்கு முன் டாக்டரைக் கேள். மற்றபடி கடுப்பு குறைந்துவிட்டது என்று நீயாகப் பாதியில் நிறுத்தாதே.

இங்கே தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் போக ஆரம்பித்துவிட்டன. கச்சான் காற்று மணலை வாரி வீட்டுக்குள் போடுகிறது. நெத்திலிக் கருவாடு காய வைத்திருக்கிறேன். மாமா அடுத்த வாரம் அந்தப் பக்கம் வரும்போது கொடுத்தனுப்புகிறேன்.

இதைப் படித்ததும் நீ போடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் கட்டிலில் பரப்பிப் படம் எடுத்து அனுப்பு. பின்பக்கம் தெரியும்படி எடு. முன்பக்கத்தில் மாத்திரைதான் தெரியும்.

அம்மா