விருந்துக்கு முன் பசி

ஆசிரியர் அவர்களுக்கு,

பல சமயத்தாரும் கலந்துகொண்ட நோன்பு துறப்பு பற்றிய செய்தியை உங்கள் இதழில் படித்தேன். நல்ல முயற்சிதான். ஆனால் என்னைப் போன்ற விருந்தினர்கள் மேசை நிறைந்த பிறகே வந்து சேருகிறோம். நான் பௌத்தன். உபோசதம் எனும் பௌர்ணமி விரத நாளில் எட்டுச் சீலம், அதாவது எட்டு ஒழுக்க விதிகள், ஏற்பவர்கள் நண்பகலுக்குப் பின் உண்பதில்லை, தண்ணீர் உண்டு. அந்தத் தைரியத்தில் சென்ற ரமலானில் சக ஊழியர் ஒருவருடன் மூன்று நாள் நோன்பிருந்தேன். பசியைச் சமாளித்துவிட்டேன். பிற்பகல் மூன்று மணிக்குப் போத்தலை எடுக்கக் கை தானாக நீண்டதே, அங்கேதான் மாட்டிக்கொண்டேன். அவரோ சிரித்தபடி, “நிய்யத் வச்சீங்களா?” என்றார். நிய்யத் என்றால் செயலுக்கு முன் கொள்ளும் எண்ணம்; அதைத்தான் நாங்கள் சேதனா என்கிறோம். அன்று மாலை பள்ளிவாசல் நோன்புக் கஞ்சியின் முதல் கரண்டிக்கு இருந்த ருசி, அப்பப்பா!

சிங்கப்பூரின் சவுத் பிரிட்ஜ் சாலையில் ஜாமிஆ சூலியா பள்ளிவாசல், மாரியம்மன் கோயில், புத்தர் பல் ஆலயம் மூன்றும் சில நிமிட நடைதான். அங்குள்ள சமய அமைப்புகள் சேர்ந்து, உடல்நலம் இடம்கொடுக்கும் விருந்தினர்களை அன்று ஒருநாளாவது விடியல் முதல் நோன்பிருந்து வரும்படி அழைக்கலாம். உரைகளையும் அப்படியே பாதியாகக் குறைக்கலாம்.

பௌத்த வாசகர் ஒருவர்,
தெம்பனிஸ்