சுரங்கம் வரட்டும், கணவாய்ப் பாதையும் இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழில் லடாக் பயணம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. ஆனால் கார்துங் லாவை இன்னும் 'உலகத்திலேயே உயரமான வாகனச் சாலை, 18,380 அடி' என்று போட்டிருக்கிறீர்களே, அதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. கட்டுரை எழுதியவர் மேல் தப்பில்லை, பல வருடங்களாக அங்கே பலகையிலேயே இருந்த எண்தான் அது. ஜிபிஎஸ் வைத்து அளந்தவர்கள் சொல்லும் உயரம் 5,359 மீட்டர், அதாவது 17,582 அடி. பட்டமும் எப்போதோ கைமாறிவிட்டது, 2021-இல் உம்லிங் லா சாலை 19,024 அடி என்று கின்னஸ் சான்றிதழ் வாங்கிவிட்டது. இன்னொரு வேடிக்கையும் உண்டு. மணாலி–லே சாலையில் தங்லங் லா உச்சியில் வெகுகாலம் நின்ற பலகையில் உயரம் 17,582 அடி என்றும், உலகின் இரண்டாவது உயரமான கணவாயைக் கடக்கிறீர்கள், நம்ப முடியவில்லை அல்லவா என்றும் எழுதியிருக்கும். நம்ப முடியாதுதான். தங்லங் லா 5,328 மீட்டர். பலகையில் இருந்தது கார்துங் லாவின் நிஜ உயரம்! (அப்புறம், 'லா' என்றாலே அந்த ஊர்ப் பேச்சில் கணவாய் என்றுதான் அர்த்தம். 'கார்துங் லா கணவாய்' என்பது நம் ஊர் 'நடு சென்டர்' மாதிரி.)

இந்த அடிக்கணக்குக்காக மட்டும் கடிதம் எழுதவில்லை. நான் கோவைக்காரன், வயது 49, பந்தய வீரன் எல்லாம் கிடையாது, தொப்பை உண்டு. 2018 ஆகஸ்டிலும் 2022 செப்டம்பரிலும் ஒரு நண்பருடன் மணாலியிலிருந்து லே வரை சைக்கிளில் போனேன். ரோத்தாங், பாராலாச்சா, நகீ, லாச்சுலுங், தங்லங் என்று அந்தப் பழைய பாதையில் ஐந்து கணவாய்கள். நமக்குக் கணவாய் என்றால் பாலக்காடு, ஆரியங்காவு, ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஈரக்காற்று வாங்கிக்கொண்டே தாண்டிவிடுவோம். அங்கே ஒரு கணவாய் என்பது ஒன்றரை நாள் வேலை.

ரோத்தாங் ஏறும்வரை மழை, சேறு, தேவதாரு மரங்கள், மூடுபனி. உச்சியைத் தாண்டி லாஹௌல் பள்ளத்தாக்குப் பக்கம் எட்டிப் பார்த்தால் யாரோ பச்சை நிறத்தைத் துடைத்து எடுத்துவிட்ட மாதிரி இருக்கிறது. பருவமழை மேகத்தை அந்த மலை வரிசையே பெரும்பாலும் தடுத்துவிடுவதால் அதற்குப் பின்னால் எல்லாம் காய்ந்த பூமிதான். லேயில் வருடத்துக்குச் சுமார் 100 மில்லிமீட்டர் மழைதான், நம் ஊரில் ஐப்பசியில் இரண்டு நாள் அடித்துப் பெய்தால் வருகிற அளவு. உதடு வெடிக்கும், மூக்கில் ரத்தம் காயும், துவைத்துப் போட்ட சட்டை ஒரு டீ குடிப்பதற்குள் உலர்ந்துவிடும். தாண்டி என்ற ஊரில் பெட்ரோல் பங்க் பக்கத்தில் 'அடுத்த பங்க் 365 கிலோமீட்டர்' என்று ஒரு பலகை உண்டு. புல்லட்காரர்கள் கேன் கேனாக நிரப்பிக்கொண்டு நிற்க, நாங்கள் இரண்டு பேரும் வாழைப்பழம் தின்றுகொண்டு அவர்களைப் பார்த்துச் சிரித்தோம். அந்தச் சிரிப்பு பாராலாச்சா வரைதான்.

ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. அங்கே ஏற்றம் அவ்வளவு செங்குத்து கிடையாது, லாரிகளுக்காகப் போட்ட சாலை. காட்டா வளைவுகள் என்று 21 கொண்டை ஊசி வளைவுகள் பிரபலம். ஆனால் சாய்வை மட்டும் வைத்துச் சொன்னால் 70 வளைவு இருக்கும் நம் கொல்லிமலைதான் காலை அதிகம் நோகடிக்கிறது. வித்தியாசம் காற்றில் இருக்கிறது. 5,300 மீட்டரில் ஊரில் கிடைக்கும் ஆக்சிஜனில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் கிடைக்கும், ஆக முதல் கியரில் போட்டு, நூறு மிதி, ஒரு நிறுத்தம், மறுபடி நூறு மிதி, அப்புறம் எண்பது, அப்புறம் ஐம்பது, அதற்கப்புறம் எண்ணுவதையே விட்டுவிடுவோம். அந்த வேகத்தில் போவதால்தான் கண்ணில் படுகிற விஷயங்கள் உண்டு. பாராலாச்சாவுக்குக் கீழே சூரஜ் தால் ஏரியிலிருந்து ஒரு ஓடை கிளம்புகிறது, அதுதான் பாகா ஆறு. இரண்டு நாளுக்கு முன் தாண்டியில் அது சந்திராவோடு சேர்ந்து செனாப் ஆகப் போவதைப் பார்த்துவிட்டு அதன் கரையிலேயே ஏறி வந்திருப்போம். உச்சியைக் கடந்ததும் தண்ணீர் வேறு பக்கம், ஸன்ஸ்கார் ஆற்றுக்கும் அங்கிருந்து சிந்துவுக்கும் ஓடுகிறது. காரில் போனவர்களிடம் கேட்டேன், ஏரி ஞாபகம் இருக்கிறது, தண்ணீர் திசை மாறியதை யாரும் கவனிக்கவில்லை.

பாங் என்ற இடத்தைத் தாண்டினால் மோரே சமவெளி, சுமார் 40 கிலோமீட்டர், 4,700 மீட்டர் உயரத்தில் மேசை மாதிரி. மேட்டில் ஏறியவனுக்குச் சமவெளி சுகம் என்று நினைத்தோம். மதியத்துக்கு மேல் எதிர்க்காற்று பிடித்தது பாருங்கள், தட்டையான தார்ச்சாலையில் மணிக்கு ஏழு கிலோமீட்டர்! காலை ஐந்தரைக்கே கிளம்பியிருக்க வேண்டும். ஓடைகள் சாலையைக் கடக்கும் இடங்களிலும் இதே கதைதான், காலையில் கணுக்கால் தண்ணீர், வெயில் ஏறிப் பனி உருகிய பிறகு முழங்கால். இரண்டாவது முறை புத்தி வந்தது. வழியில் சாலை போட வந்திருந்த ஜார்க்கண்ட் தொழிலாளர்கள் எங்களுக்கு டீ கொடுத்துவிட்டு, இப்படி மிதிப்பதற்கு உங்களுக்கு எவ்வளவு கூலி என்று கேட்டார்கள். ஒன்றும் இல்லை, எங்கள் காசு போட்டுத்தான் வந்தோம் என்றதும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் பார்த்ததில் நியாயம் இருக்கிறது.

இப்போது சொல்ல வந்த விஷயம். 2018-இல் ரோத்தாங் ஏறும்போது முன்னும் பின்னும் லாரி, டேங்கர், சுற்றுலா வண்டி. புகையில் இருமியே பாதி உயிர் போனது. 2020 அக்டோபரில் 9.02 கிலோமீட்டர் அடல் சுரங்கம் திறந்தார்கள். லே போகிற வண்டிகள் எல்லாம் மலைக்கு அடியில் போய்விட்டன. 2022-இல் அதே ரோத்தாங்கில் மணாலி பக்கம் அனுமதிச் சீட்டு வாங்கிய சுற்றுலாக் கார்கள் வந்தன, சரி. மறுபக்கம் இறங்கியபோது எங்கள் பிரேக் ஷூ உரசும் சத்தம் எங்களுக்கே கேட்டது. ஆனால் சில இடங்களில் தார் பெயர்ந்து கிடந்தது, ஓரம் சரிந்திருந்தது. யாருக்கும் அவசரமாகத் தேவைப்படாத சாலைக்கு அந்த உயரத்தில் இரண்டு மூன்று குளிர்காலம் போதும்.

இது ரோத்தாங்கோடு நிற்காது. தார்ச்சாவிலிருந்து ஸன்ஸ்கார் போகும் பாதையில் 16,580 அடி ஷிங்கு லாவுக்குக் கீழே 4.1 கிலோமீட்டர் சுரங்கத்துக்கு 2024 ஜூலையில் முதல் வெடி வைத்தாகிவிட்டது. ஸ்ரீநகர்–லே சாலையில் இருக்கும் சோஜி லாவிலும் சுரங்க வேலை நடக்கிறது. நான் சுரங்கத்துக்கு எதிரி இல்லை. குளிர்காலத்தில் நோயாளியைத் தூக்கிக்கொண்டு பனியில் நடந்த ஊர்க்காரர்களிடம் போய் உங்களுக்குச் சுரங்கம் வேண்டாம் என்று சொல்ல ஒரு சைக்கிள்காரனுக்கு என்ன உரிமை? ராணுவத்துக்கும் அது தேவை. நான் கேட்பது, மேலே இருக்கும் பழைய பாதையை அப்படியே விட்டுவிடாதீர்கள் என்பதுதான். சுவிட்சர்லாந்தில் கோட்ஹார்ட் மலைக்கு அடியில் 16.9 கிலோமீட்டர் சாலைச் சுரங்கம் 1980-இல் வந்தது. அதற்காக மேலே இருந்த திரெமோலா என்ற கல் பாவிய பழைய வளைவுச் சாலையை அவர்கள் அழியவிடவில்லை, இன்றைக்கும் கோடையில் சைக்கிள்காரர்கள் அதில்தான் ஏறுகிறார்கள். கோட்ஹார்ட் வெறும் 2,106 மீட்டர்தான். நம்மிடம் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் உயரத்தில் கணவாய்கள் இருக்கின்றன, சாலையும் ஏற்கெனவே போட்டாயிற்று. ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் மூன்று மாதம் சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் ஆட்டு மந்தைக்கும் திறந்து வைத்து, விழுந்த கல்லை அகற்றினாலே போதும். வண்டிகள் போய்விட்டதால் வியாபாரம் படுத்த கூடாரக் கடைக்காரர்களுக்கும் நான்கு பேர் வருவார்கள். சைக்கிளில் வருகிறவன் தின்பது உங்களுக்குத் தெரியாது, ஒரே வேளையில் இரண்டு தட்டு பருப்பு சாதம், இரண்டு ஆம்லெட், மேகி.

குப்பை பற்றியும் ஒரு வார்த்தை. காட்டா வளைவுகளில் தாகத்தில் இறந்துபோன ஒரு லாரிக் கிளீனரின் ஆவிக்கென்று சின்னக் கோயில் மாதிரி ஒன்று இருக்கிறது, போகிறவர்கள் தண்ணீர் பாட்டில் வைத்துவிட்டுப் போவது வழக்கம். இப்போது அது பிளாஸ்டிக் மலை. ஆவிக்குத் தண்ணீர் கொடுப்பதென்றால் தரையில் ஊற்றிவிட்டு பாட்டிலைத் திரும்ப எடுத்துவரலாமே.

கடைசியாக, உங்கள் கட்டுரையில் லேயில் விமானம் இறங்கிய மறுநாளே கார்துங் லா போவதாகத் திட்டம் கொடுத்திருக்கிறீர்கள். தயவுசெய்து அதற்கு ஒரு திருத்தம் போடுங்கள், உயரத்துக்குப் போடாவிட்டாலும் பரவாயில்லை. லேயே 3,500 மீட்டர். அங்கே இரண்டு மூன்று நாள் சும்மா உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும். 2018-இல் நாங்கள் பாராலாச்சாவுக்கு முன்னால் வரும் ஜிஸ்பாவில் ஒரு ராத்திரி மட்டும் தங்கிவிட்டு அவசரமாக ஏறினோம். கணவாயைத் தாண்டி சர்ச்சூவில் என் நண்பர் இரவு முழுக்கத் தலையைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். விடிந்ததும் ஒரு காய்கறி லாரியில் இரண்டு சைக்கிளையும் ஏற்றி மறுபடி கீழே ஜிஸ்பாவுக்கே வந்தோம். லாரிக்காரர் காசு வாங்க மறுத்துவிட்டார். நான்கு நாள் கழித்து இரண்டாவது தடவையாக பாராலாச்சா ஏறினோம். நண்பர் எனக்கு முன்னால் போய் உச்சியில் உட்கார்ந்திருந்தார்.

இப்படிக்கு,
ஒரு வாசகன், கோவை