ஆள் நன்றாகத்தானே நிற்கிறார்?

ஆசிரியருக்கு வணக்கம்.

பைக் விபத்தில் தலையில் அடிபட்ட என் தம்பி எலக்ட்ரீஷியன். கை, கால் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் எந்த ஒயர் எங்கே போகிறது என்பது பாதி வேலையில் மறந்துவிடுகிறது. அதிர்ந்து பேசாதவன், இப்போது பிள்ளைகள் சத்தம் போட்டாலே அடிக்கப் பாய்கிறான். விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல், "ஆள் நன்றாகத்தானே நிற்கிறார்?" என்றபோது அம்மா அழுதுவிட்டார்.

ஊனச் சதவீதம் வேறு, சம்பாதிக்கும் திறனை இழப்பது வேறு என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே தெளிவுபடுத்திவிட்டது. 2020-இல், மூளை பாதிக்கப்பட்ட ஒரு சிறுமியின் வழக்கில், கூடவே இருந்து கவனிக்கும் உதவியாளருக்கான செலவையும் நீண்ட காலத்துக்குக் கணக்கிட்டு வழங்கியது. ஆனால் இதைக் கேட்டுப் பெற, நினைவாற்றல், கவனம், குணமாற்றம் ஆகியவற்றை அளக்கும் நரம்பியல் உளவியல் பரிசோதனை அறிக்கை கையில் வேண்டும். அப்படியொன்று இருப்பதையே எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. 2022 ஏப்ரல் முதல் மனு போட 6 மாதக் கெடு என்று சட்டத்தில் சேர்த்திருப்பது இன்னும் கொடுமை; கோமாவிலிருந்து மீண்டவர் பேசிப் பழகவே அவ்வளவு நாளாகிறது.

தலைக் காயத்தோடு வருபவர்களை டிஸ்சார்ஜ் செய்யும்போதே, அந்தப் பரிசோதனைக்கும் அரசு மருத்துவமனைகள் எழுதிக் கொடுக்க வேண்டும்.

– ஒரு வாசகர், திண்டுக்கல்