பிரசவ அறைப் பயிற்சிக்கு நன்கொடை வேண்டுகோள்

வண்டிப்பெரியார், பீர்மேடு, குமுளி வட்டாரத் தோட்டத் தமிழ் மக்களுக்கும், இங்கிருந்து வெளியூர் போய்ப் பிழைப்பவர்களுக்கும் வணக்கம்.

கட்டடம் கட்டவோ ஸ்கேன் மெஷின் வாங்கவோ நாங்கள் வரவில்லை. நம் பகுதிப் பிரசவ அறைகளில் வேலை பார்க்கும் நர்ஸ்களுக்கு மாதாமாதம் கைப்பயிற்சி நடத்தத்தான் பணம் கேட்கிறோம். கல்வெட்டில் பேர் போட இதில் வழியில்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

பிள்ளை பிறந்தபின் வரும் உதிரப்போக்கு சில மணி நேரத்திலேயே தாயின் உயிரைக் கொண்டுபோய்விடும். 500 மில்லியைத் தாண்டினாலே உஷாராக வேண்டும். ஆனால் துணியில் ஊறிய ரத்தத்தைக் கண்ணால் பார்த்துச் சொன்னால் அளவு பெரும்பாலும் குறைவாகவே வரும். அனுபவமுள்ள நர்ஸுக்கும் அப்படித்தான். அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பு இருந்தால் கோட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஆப்பிரிக்காவின் 4 நாடுகளில், சுமார் 80 மருத்துவமனைகளில் இதைச் சோதித்தார்கள். ரத்தம் விரிப்பின் கோட்டைத் தொட்டதுமே கருப்பையைத் தேய்த்துவிடுவது, கருப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்ஸிடோசின் மருந்து, ரத்தம் கசிவதைக் குறைக்கும் டிரானெக்சாமிக் ஆசிட் மருந்து, டிரிப் என எல்லாவற்றையும் ஒருசேரச் செய்தார்கள். கடும் உதிரப்போக்கும் அதன் மோசமான விளைவுகளும் 60 சதவீதம் குறைந்தன என்று 2023இல் முடிவு வெளியானது.

நமக்கு இது இன்னும் அவசியம். கோட்டயம் மெடிக்கல் காலேஜ் போக குட்டிக்கானம் வளைவுகளில் இறங்க வேண்டும். தேனிக்கென்றால் லோயர் கேம்ப் இறங்க வேண்டும். அதுவரை நம் ஊர் நர்ஸின் கைதான் துணை.

ஆகவே விரிப்புகள், பயிற்சிப் பொம்மைகள், மூச்சு விடாத குழந்தைக்கு முதல் நிமிடத்திலேயே காற்றூட்டும் பை, முகமூடி எல்லாம் வாங்க வேண்டும். ஆக்ஸிடோசினை 2 முதல் 8 டிகிரியில் வைத்தால்தான் வீரியம் நிற்கும். மழைக்காலத்தில் இங்கே கரண்ட் எப்படி என்று உங்களுக்கே தெரியும், எனவே ஃபிரிட்ஜுக்கு இன்வெர்ட்டரும் வேண்டும். வலி எடுத்தவள் தமிழில்தான் கத்துவாள், அம்மாவையும் அத்தையையும்தான் தேடுவாள். அதனால் பிரசவத் துணைக்கு வரும் பெண்களின் ஜீப் செலவையும் சேர்த்திருக்கிறோம்.

கேரளத்தில் 2004 முதல் மகப்பேறு மருத்துவர்கள் தாய் மரணங்களைப் பேர் சொல்லாமல், பழி போடாமல் ஆராய்ந்து வருகிறார்கள். அதே முறையில் மாதம் ஒரு நாள் நம் நர்ஸ்களும் உட்கார்ந்து, எங்கே தாமதமானது என்று பேசுவார்கள். இதற்குச் செலவு டீயும் வடையும் மட்டுமே.

மொத்தத் தேவை 3 லட்சம் ரூபாய். ஒரு நாள் கூலி கொடுத்தாலும் சந்தோஷம்தான். ரசீது வாங்காமல் யாரிடமும் பணம் தர வேண்டாம். வரவு செலவு ஆஸ்பத்திரி வாசல் போர்டில் மாதாமாதம் ஒட்டப்படும். நல்ல நிலையில் இன்வெர்ட்டர் பேட்டரி வைத்திருப்பவர்கள் அதையே கொடுத்தாலும் சரி.

— வட்டாரத் தாய்சேய் நலக் குழு