ஓசி என்றாலே ஆபத்தா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வெள்ளவத்தையில் சிறிய தட்டச்சு, போட்டோப் பிரதிக் கடை வைத்திருக்கிறேன். மூன்று கணினிகளிலும் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸும், ஆவணம் அடிக்க லிப்ரே ஒபிஸும்தான். இரண்டும் இலவசம்; நிரலை யாரும் திறந்து பார்க்கக்கூடிய 'திறந்த மூல' மென்பொருள்கள். போன வாரம் விண்ணப்பம் அடிக்க வந்த அம்மா ஒருவர் திரையைப் பார்த்துவிட்டு, "இது ஓசி சொப்ட்வெயார்தானே தம்பி, ஆபத்தெண்டு பேப்பரில போட்டிருந்தாங்களே" என்றார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. 2017இல் வன்னாகிரை என்ற கப்பம் கேட்கும் தீநிரல் விண்டோஸ் கணினிகளை முடக்கியபோது நான் படித்த செய்திகளில் அது வெறும் கணினி வைரஸ். 2014இல் இணையத் தொடர்பைப் பாதுகாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற திறந்த மூல மென்பொருளில் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வெளிப்பட்டபோதோ திறந்த மூலம் முழுவதுமே கூண்டில் ஏறியது.

2024 மார்ச்சில் லினக்ஸில் கோப்புகளைச் சுருக்கப் பயன்படும் எக்ஸ்இசட் என்ற திறந்த மூல மென்பொருளில் கள்ளவழி ஒன்று வைக்கப்பட்டிருந்தது தெரியவந்தது, உண்மைதான். ஆனால் அதைப் பிடித்தது எப்படி? தொலைவிலிருந்து கணினிக்குள் உள்நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாக எடுப்பதைக் கவனித்த ஒரு பொறியியலாளர் உள்ளே தோண்டிப் பார்த்தார். (அவர் வேலை செய்தது மைக்ரோசொப்டில்!) நிரல் பூட்டிக் கிடந்திருந்தால் அவரால் தோண்டியிருக்க முடியுமா? இந்தப் பாதி அச்சேறுவதில்லை.

2004 சுனாமிக்குப் பின் காணாமல்போனோரையும் முகாம்களையும் பதிவுசெய்ய இலங்கையர் எழுதிய 'சஹானா'வும் திறந்த மூலம்தான். 2010 நிலநடுக்கத்தின்போது ஹெய்ட்டி வரை போய் உதவியது.

குறையே இல்லை என்று சொல்லவில்லை. பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த கோப்பை லிப்ரே ஒபிஸில் திறந்தால் வரிகள் இடம்மாறி உயிரை வாங்கும். அதையும் எழுதுங்கள், சரி. அப்புறம், விண்டோஸில் ஓட்டை வந்தால் தலைப்பிலேயே அதன் பெயரையும் போடுங்கள்.

வாசகர்,
கொழும்பு 06