மொய் நோட்டில் ஜெர்மனி

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். நம் ஊர்க் கல்யாணங்களுக்கு வெளிநாட்டினர் ஆசையாக வருவதைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பட்டுச் சேலையும் வாழையிலைச் சாப்பாடும் அவர்களை அசத்திவிடுவதாக எழுதியிருந்தீர்கள். உண்மைதான். அவர்களை நாம் படுத்துகிற பாட்டையும் இரண்டு வரி சேர்த்திருக்கலாம்.

போன தை மாதம் மதுரையில் என் அக்கா மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ஜெர்மனியில் வேலை பார்க்கிறார். அவருடைய மேலதிகாரி மனைவியோடு வந்திருந்தார். தாய்மாமனுக்கு அன்றைக்கு என்னென்ன வேலை இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அதற்கு நடுவில், "அவுங்களையும் நீயே பாத்துக்கடா" என்று அக்கா என் தலையில் கட்டிவிட்டார்.

பத்திரிகையில் முகூர்த்தம் காலை 6 முதல் 7.30 வரை என்று போட்டிருந்தோம். அவர்கள் ஐந்தே முக்காலுக்கே மண்டப வாசலில் நின்றார்கள். எங்கள் ஆட்களில் பாதிப் பேர் அப்போது குளிக்கக்கூட இல்லை. அந்த அம்மா கட்டியிருந்தது சுங்குடிச் சேலை. இடுப்பில் ஒரு கையை வைத்துப் பிடித்துக்கொண்டே நடந்தார். என் மனைவி உள்ளே கூட்டிப்போய் ஆறு ஊக்கு குத்தி அனுப்பினாள்.

அப்புறம்தான் கூத்து. முன்வரிசை சோபாவில் உட்கார வைத்தோம். அரை மணி நேரத்தில் முப்பது பேராவது வந்து செல்ஃபி எடுத்திருப்பார்கள். பேர் கேட்கவில்லை, காபி குடித்தீர்களா என்று கேட்கவில்லை. தோளில் கை போட்டார்கள், சிரித்தார்கள், போய்விட்டார்கள். வீடியோக்காரர் மணமக்களைவிட இவர்கள் முகத்தில்தான் அதிக நேரம் விளக்கைப் பிடித்தார். மேலதிகாரி கண்ணைக் கசக்கிக்கொண்டே சிரித்தார், பாவம்.

கெட்டிமேளம் கொட்டியபோது மேடையைச் சுற்றிச் சொந்தபந்தம் மொத்தமும் எழுந்து நின்றுகொண்டது. கண்டம் விட்டுக் கண்டம் வந்தவர்கள் கண்டது வீடியோக்காரர் முதுகைத்தான். மூன்று முடிச்சும் விழுந்து நாத்தனார் குங்குமம் வைத்த பிறகு, "எப்போது தாலி கட்டுவார்கள்?" என்று மேலதிகாரி என்னிடம் கேட்டார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பக்கத்தில் விவரம் சொல்ல ஒரு கல்லூரிப் பிள்ளையை உட்கார வைத்திருந்தால் போதும். வீட்டில் அப்படி நாலு பிள்ளைகள் இருந்தார்கள். நாலு பேரும் செல்ஃபி வரிசையில் நின்றார்கள்.

எண்பது தாண்டிய என் பெரியம்மா ஒருவர்தான் சரியாக நடந்துகொண்டார். ஆங்கிலம் ஒரு வார்த்தை தெரியாது. அந்த அம்மாவின் கையைப் பிடித்து உள்ளங்கையில் அட்சதையை வைத்து, விரல்களை மூடி, பொறு என்று சைகை காட்டினார். மேளம் உச்சத்துக்குப் போனதும் அவர் கையைத் தூக்கிவிட்டார். அரிசி மணமக்கள் மேல் விழவில்லை, முன்னால் நின்ற என் மச்சான் வழுக்கையில் விழுந்தது. அன்றைக்கு அந்த அம்மா மனம் விட்டுச் சிரித்தது அப்போதுதான்.

அப்புறம் அவரே ஒவ்வொன்றாகக் கேட்டார். தும்மலோ அபசகுனமான பேச்சோ காதில் விழாமல் இருக்கத்தான் அந்த நேரத்தில் மேளத்தை அப்படிக் கொட்டுகிறார்கள் என்றேன். கையெழுத்து எங்கே போடுவார்கள் என்றார். அவர்கள் நாட்டில் பதிவாளர் முன் நடப்பதுதான் சட்டப்படி கல்யாணம், தேவாலயத்தில் நடப்பது மட்டும் செல்லாதாம். இங்கே ஐயர்கூட வேண்டாம், உற்றார் முன்னிலையில் மாலை மாற்றினாலோ மோதிரம் மாற்றினாலோ தாலி கட்டினாலோ செல்லும், 1967இல் தமிழ்நாட்டில் அதற்கென்றே சட்டத் திருத்தம் வந்தது, பதிவெல்லாம் பிறகுதான் என்று சொன்னேன். அவர் அதிசயித்துப்போனார்.

பந்தியில் இன்னொரு வேடிக்கை. யாராவது கூப்பிடுவார்கள் என்று இருவரும் ஓரமாகவே நின்றார்கள். நம் ஆட்கள் சாப்பிடுகிறவர் நாற்காலிக்குப் பின்னாலேயே போய் நின்று இடம் பிடிப்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? இரண்டு பந்தி போய்விட்டது. மூன்றாவதில் நானே உட்கார வைத்தேன். பரிமாறுகிறவர் ஒவ்வொரு முறை வைக்கும்போதும் மேலதிகாரி "தேங்க்யூ" என்றார். இன்னும் கேட்கிறார் என்று நினைத்து அந்தத் தம்பி மேலும் மேலும் வைத்தார். இலைக்கு மேலே கையைக் குறுக்கே நீட்டினால் போதும் என்று நான் வந்து சொல்வதற்குள் நாலு வடை சேர்ந்துவிட்டது.

கிளம்பும்போது மொய் எழுதுகிற இடத்துக்கு மேலதிகாரி தானாகவே போனார். 5,000 ரூபாய் கொடுத்தார். எழுதியவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "ஒரு ரூவா?" என்று கையை நீட்டினார். சைபரில் முடிந்தால் உறவும் அதோடு முடிந்துவிடும் என்பார்கள் என்று விளக்கி, என் பையிலிருந்து காசு எடுத்துக் கொடுத்தேன். அடுத்து, "எந்த ஊரு?" ஜெர்மனி என்றேன். உசிலம்பட்டிக்கும் திருமங்கலத்துக்கும் நடுவில் அதையும் எழுதிக்கொண்டார்.

மொய் என்றால் திருப்பிச் செய்ய வேண்டிய கடன் அல்லவா? அக்காவுக்கு இப்போது அதுதான் கவலை. நோட்டில் அந்த வரிக்குக் கீழே சிவப்பு மையில் கோடு போட்டு வைத்திருக்கிறார். அவர்களுக்கு ஒரு மகள் இருக்கிறாளாம். கல்யாணம் எப்போது என்று மாப்பிள்ளையிடம் வாராவாரம் விசாரிக்கிறார்.

இப்படிக்கு,
ஒரு தாய்மாமன்,
மதுரை.