அந்த இரண்டு விடைகளைத் திருத்துங்கள்

அறிவியல் புதிர்ப்போட்டி ஏற்பாட்டுக் குழுவினருக்கு,

வணக்கம். இறுதிச் சுற்றில் நடந்தது உங்களுக்கே தெரியும். ரோலர் கோஸ்டர் பகுதியில், தண்டவாள வளைவுகளுக்குப் பெயர் எப்படி வந்தது என்ற கேள்விகளுக்கு எங்கள் பிள்ளைகள் எழுதிய இரண்டு விடைகளுக்கு நீங்கள் மதிப்பெண் தரவில்லை. அந்த இரண்டும் சரியான விடைகள். தப்பு உங்கள் விடைப்பட்டியலில் இருக்கிறது. அதைத் திருத்தி, மதிப்பெண்ணை மறுபடி கூட்டிப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

முதலாவது, இம்மல்மான். அரை வட்டமாக மேலே ஏறி, உச்சியில் தலைகீழாகி, அங்கேயே அரைச்சுற்று புரண்டு நிமிர்ந்து, வந்த திசையை நோக்கியே திரும்பும் வளைவு. ‘அதை வடிவமைத்த பொறியாளரின் பெயர்’ என்கிறது உங்கள் பட்டியல். மாக்ஸ் இம்மல்மான் எந்தத் தண்டவாளத்தையும் வடிவமைக்கவில்லை. முதல் உலகப் போரில் ஜெர்மனியின் போர்விமானி அவர். 1916-இல் போரிலேயே இறந்தார். அவர் பெயரில் வழங்கிய விமானச் சாகசத்தின் பெயர்தான் பல்லாண்டுகள் கழித்து ரோலர் கோஸ்டருக்கு வந்தது. அவர் உண்மையில் பறந்து காட்டிய திருப்பம் வேறு மாதிரியானது என்று விமான வரலாறு எழுதுகிறவர்கள் சொல்வதுண்டு. அதைக்கூட நம் பிள்ளைகள் ஒரு வரி சேர்த்து எழுதியிருந்தார்கள். அந்த வரியின் மேலேயே சிவப்புக் கோடு.

இரண்டாவது, கோப்ரா ரோல் என்ற இன்னொரு வளைவு. ‘கோப்ரா என்ற பெயருள்ள ரோலர் கோஸ்டரிலிருந்து வந்தது’ என்று பட்டியல் சொல்கிறது. எதிரே நின்று பார்த்தால் தண்டவாளம் படமெடுத்த நாகம் போலத் தெரியும், பெயர் அதனால்தான். ஒரே கோப்ரா ரோலில் இரண்டு முறை தலைகீழாவோம். வெக்கோமா நிறுவனம் தயாரிக்கும் பூமராங் வகை ரோலர் கோஸ்டரில் இதோடு ஒரு முழு வட்டமும் உண்டு. போன வழியே பின்புறமாகத் திரும்பி வருவதால், தலைகீழாவது மூன்று முறை என்பது ஆறாகிவிடும். செம்பனைத் தோட்டத்தில் வளர்ந்த பிள்ளைக்கு நாகம் படமெடுப்பது எப்படியிருக்கும் என்று கோலாலம்பூரிலிருந்து யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பெயர்கள் பல வழியில் வரும். நார்வீஜியன் லூப் என்ற வளைவு 2006-இல் நார்வேயின் டூசன்ஃப்ரிட் பூங்காவில் வந்தது, அதனால் அந்தப் பெயர். 1975-இல் கலிபோர்னியாவின் நாட்ஸ் பெர்ரி ஃபார்மில் ஓடத் தொடங்கிய கார்க்ஸ்குரூவுக்கு அதன் திருகு வடிவமே பெயர். விடைப்பட்டியல் தயாரித்தவர் ஊகித்து எழுதிவிட்டார் போலிருக்கிறது.

சரி, ஆட்சேபம் இருந்தால் அன்றே சொல்லியிருக்கலாமே என்பீர்கள். உங்கள் விதிப்படி பட்டியல் ஒட்டிய அரை மணி நேரத்துக்குள், மண்டப கவுண்டரில், 50 வெள்ளி (ரிங்கிட்) வைப்புத்தொகையோடு ஆட்சேபிக்க வேண்டும். பட்டியல் ஒட்டப்பட்டதோ பிரமுகர்கள் எல்லாரும் கிளம்பிய பிறகு. எங்கள் வேனை ஓட்டி வந்தவர் ஒரு பிள்ளையின் அப்பா. அன்று இரவு அவருக்கு ஆலையில் ஷிப்ட். வேறு வண்டி இல்லை, அதனால் முன்னதாகவே கிளம்பிவிட்டோம். வழியில் தஞ்சோங் மாலிம் ஊரைத் தாண்டும்போதுதான் வேறொரு பள்ளி ஆசிரியர் வாட்ஸ்அப்பில் பட்டியலின் படத்தை அனுப்பினார். பின் சீட்டில் பிள்ளைகள் ஒவ்வொரு விடையாகச் சரிபார்த்தார்கள். ‘சார், நாம சரியாத்தானே எழுதினோம்?’ என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். ‘அப்புறம் ஏன் சார்?’ என்றார்கள். அந்த நேரத்தில் கவுண்டரே மூடியிருக்கும். 50 வெள்ளிக்கும் வேனில் சில்லறைதான் தேற வேண்டும்.

பொன்னாடைக்கும் மாலைக்கும் உரைகளுக்கும் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நீளலாம். ஒரு விடை சரியா தவறா என்று பார்க்க மட்டும் அரை மணி நேரம். தோட்டப்புறப் பிள்ளைகளை முன்னேற்றுவது பற்றி அன்று மேடையில் பேசாதவர் ஒருவரும் இல்லை. அந்தப் பிள்ளைகள் எப்போது வீடு போய்ச் சேருவார்கள் என்று அமைப்பாளர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. போட்டியை எப்போதும் தலைநகரில்தான் வைக்க வேண்டுமா? எங்கள் பக்கம் ஈப்போவில் மண்டபமே இல்லையா?

மன்னிக்கவும், கேட்க வந்தது அதுவல்ல. அந்த இரண்டு விடைகளையும் மறுபடி பாருங்கள். திருத்திய பட்டியலை எல்லாப் பள்ளிகளுக்கும் அனுப்புங்கள், ஏனென்றால் தப்பான விடையை இப்போது மற்ற பிள்ளைகளும் மனப்பாடம் செய்துகொண்டிருப்பார்கள். தரவரிசை மாறாவிட்டாலும் பரவாயில்லை. மதிப்பெண் மாற வேண்டும். பள்ளித் தவணை முடியுமுன் பதில் கிடைத்தால் பிள்ளைகளிடம் நேரில் படித்துக் காட்டுவேன்.

வைப்புத்தொகை கட்டவும் தயார். எந்தக் கவுண்டரில், யாரிடம், எத்தனை மணிக்குள் என்று தயவுசெய்து தெரிவியுங்கள்.

பணிவுடன்,
பயிற்சி கொடுத்த ஆசிரியர்,
சுங்கை சிப்புட்